என்னையா கூப்பிட்டீங்க?

எங்கள் நல்லூத்துப்பட்டிக்கு விருந்துக்கு வருகிறவர்கள் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வந்தால் நல்லது: இலையில் சோறு விழும்போது கையை மறியுங்கள், இலைமேல் கவிழ்ந்துகொள்ளுங்கள், பந்தியை விட்டு எழுந்துகூட ஓடுங்கள், ஆனால் பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய அந்தச் சொல்லை மட்டும், 'போதும்' என்பதை மட்டும், இங்கே சொல்லிவிடாதீர்கள், சொன்னால் கீரி வந்துவிடும். மஞ்சள் நிறத்தில், முழங்கால் உயரத்தில், நேரே பார்த்தால் பூரி மாதிரி உப்பிய கன்னமும் கன்னத்தைவிடப் பெரிய கண்ணுமாக, பக்கவாட்டில் பார்த்தால் சினிமா போஸ்டர் தடிமன்கூட இல்லாமல், மூச்சிரைக்க வந்து நின்று, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, "என்னையா கூப்பிட்டீங்க?" என்று கேட்கும். அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னாலும் சரி, அப்புறம் உங்களுக்குச் சோறு இறங்காது.

கீரி வந்த கதை நீளமில்லை, அது வந்த பிறகு நாங்கள் பட்ட பாடுதான் நீளம். கோடை விடுமுறைக்கு வேலன் தியேட்டரில் ஒரு கார்ட்டூன் படம் போட்டார்கள், கடல் தாண்டி எங்கோ எடுத்து, சென்னையில் வைத்துத் தமிழ் பேசவைத்த படம், 'கீரிக்குட்டியும் ஏழு மலையும்' என்று பெயர், குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம் என்று ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள், நாங்களும் சொன்ன பேச்சைத் தட்டாமல் குடும்பத்தோடு போனோம். படத்தில் ஒரு கீரிக்கு வரிசையாகப் பெண்குட்டிகள். கடைசிக் குட்டிக்கு அதன் சொந்த நாட்டில் என்ன பெயரோ யார் கண்டது, தமிழில் வசனம் எழுதிய புண்ணியவான் 'போதும்பொண்ணு' என்று வைத்துவிட்டான். அதற்கப்புறம் காட்டில் எந்த மிருகம் எதற்குப் போதும் என்றாலும், தண்ணீர் போதும் என்றாலும், பழம் போதும் என்றாலும், சண்டை போதும் என்றாலும், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அந்தக் குட்டி விழுந்தடித்து ஓடிவந்து, "என்னையா கூப்பிட்டீங்க?" என்று கேட்கும்; "உன்னை இல்லை" என்பார்கள்; அது வாலைத் தொங்கப்போட்டுத் திரும்பிப் போகும்; நாங்கள் தியேட்டர் கூரை பிய்ந்து போகிற மாதிரி சிரிப்போம். முடிவில் ஏழாவது மலையில் ஓர் ஆமை அதன் தலையைத் தடவி, "போதும் என்றால் நிறுத்து என்று பொருள் இல்லை குழந்தாய், நிறைவு என்று பொருள்" என்று சொல்லும், உடனே அதுவரை சிரித்த நாங்களே கண்ணைத் துடைத்துக்கொள்வோம். இடைவேளையில் முறுக்கு விற்கிறவர்கூடக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

அழாமல் வெளியே வந்தது எங்கள் ஊரில் ஒரே ஆள்தான். அவள் பெயரும் போதும்பொண்ணுதான், மாரியம்மன் கோயில் சந்தில் மாவு மில் வைத்திருக்கிறாள், தலை பாதி நரைத்தவள், மிளகாய்த் தூள் நெடியில் எந்நேரமும் சிவந்த கண்ணோடு இருப்பவள், அதனால் அவள் அழுதாளா அழவில்லையா என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். ஆனால் அன்று அழவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பக்கத்து சீட்டில் நான்தான் இருந்தேன், ஆமை பேசியபோது அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

அவளுக்கு அந்தப் பெயர் வந்த வரலாற்றை ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒச்சப்பனுக்கு வரிசையாகத் தவமணி, ராக்காயி, செல்லம் என்று மூன்று பெண்கள். நான்காவதும் பெண் என்று மருத்துவச்சி வெளியே வந்து சொன்னபோது, அவர் குழந்தையை எட்டிக்கூடப் பார்க்காமல், வானத்தைப் பார்த்துப் "போதும்" என்றார், அதுவே பெயராகிவிட்டது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு, பெண்ணாகவே பிறந்தால் கடைசிப் பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்தால் சாமி காதில் விழுந்து அடுத்தது ஆணாக அனுப்பும் என்பார்கள். சாமி காதில் விழத்தான் செய்தது. அடுத்து தங்கராசு பிறந்தான், ஊரெல்லாம் சர்க்கரை கொடுத்தார்கள், பெயர் வேலை செய்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், வேலை முடிந்த பிறகு அந்தப் பெயரை என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை, அது அவள் மேலேயே கிடந்தது.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகைப்பதிவுக்குப் பெயர் கூப்பிட்டால் வகுப்பே சேர்ந்து "போதும் சார்" என்று கத்தும். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை பூரணி என்று மாற்றிக்கொள்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள், "ராசியான பேரு தாயி, மாத்துனா உன் தம்பிக்கு ஆகாது" என்று ஒச்சப்பன் ஒரே போடாகப் போட்டுவிட்டார், தம்பிக்கு ஆகாததைச் செய்ய அவளுக்கும் மனசு வரவில்லை. அந்தத் தம்பி இப்போது திருப்பூரில் இரண்டு மாடி கட்டி இருக்கிறான், அப்பாவை வைத்துக்கொள்ள அங்கே இடம் இல்லையாம். எண்பதைத் தாண்டிய ஒச்சப்பன் போதும்பொண்ணு வீட்டில்தான் சாப்பிடுகிறார். அவள் புருஷன் லாரியோடு வடக்கே போனால் வாரக்கணக்கில் வரமாட்டார், மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள், ஆக வீட்டில் அப்பாவும் மகளும்தான். அவள் வட்டிலில் சோறு வைக்க வைக்க, ஒச்சப்பன் குனிந்த தலை நிமிராமல் "போதும்" என்பார். அது சோற்றைச் சொன்னதா, தன்னைக் கூப்பிட்டதா என்று அவளுக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை.

படம் ஓட ஆரம்பித்ததும் அந்தப் பெயருக்கு வந்த வாழ்வைப் பார்க்க வேண்டுமே. குழந்தைகள் பனியனில் கீரி, பென்சில் டப்பாவில் கீரி, பிறந்தநாள் கேக்கில் கீரி. ஆஸ்பத்திரியில் பிறந்த பெண் குழந்தைகளுக்குப் படித்தவர்களே போதும்பொண்ணு என்று பெயர் வைத்தார்கள், அதுவும் மூத்த பிள்ளைக்கு. மில்லுக்கு மிளகாய் கொண்டுவரும் வெளியூர்ப் பெண்கள், "ஐ, உங்க பேரு இதுவா! படம் பார்த்து வச்சதா?" என்று கேட்டார்கள், நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து மகள் போன் பண்ணி, "அம்மா, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் உன் பேரைக் கேட்டு எவ்ளோ க்யூட்னு சொல்றாங்க தெரியுமா" என்றாள். அந்தப் பெயரை மறைக்கக் கல்லூரி விண்ணப்பத்தில் அம்மா பெயரை 'பி. பொண்ணு' என்று எழுதிய அதே மகள்தான்.

"அழகான அர்த்தம் மதினி, நமக்குத்தான் இத்தனை நாள் தெரியாமப் போச்சு" என்று சொல்ல ஆரம்பித்தது பக்கத்து வீட்டுச் சீனியம்மா. அதற்கப்புறம் பால்காரர் சொன்னார், டீச்சர் சொன்னார், மேடைபோட்டுப் பேசாத குறையாக ஆளாளுக்கு நிறைவு, நிறைவு என்று சொன்னார்கள். போதும்பொண்ணுக்கு அது வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிற மாதிரி இருந்தது. முன்பு கேலி செய்தவர்களையாவது திட்டலாம், வாழ்த்துகிறவர்களை என்ன செய்வது?

கீரி முதலில் வந்தது சீனியம்மா வீட்டுக்குத்தான். அவள் புருஷன் குழம்பு போதும் என்றார், உடனே அது திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து நின்று என்னையா கூப்பிட்டீங்க என்று கேட்டது, "உன்னை இல்லப்பா" என்று அவர் சொன்னார், சொல்லிவிட்டு ரசத்துக்குக் கையை நீட்டினார். அப்புறம் மேலத்தெருவில் யாரோ சொன்னார்கள், அங்கே ஓடியது. அப்புறம் பஸ் ஸ்டாண்டில். ஒரே ஒரு கீரிதான், ஊருக்கெல்லாம் அதுதான் ஓட வேண்டியிருந்தது. ஏன் எங்கள் ஊருக்கு மட்டும் வந்தது என்று கேட்காதீர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் பொறாமையில் கேட்டபோதே நாங்கள் பதில் சொல்லவில்லை.

வந்ததில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை, இம்சைதான். 'இல்லை' என்று சொன்னால் அது போகாது, வேறு யாராவது அந்தச் சொல்லைச் சொல்லும்வரை அங்கேயே நின்று அவ்வளவு பெரிய கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும். சரி என்று இரக்கப்பட்டு, "ஆமா கண்ணு, உன்னைத்தான்" என்று சொன்னவர்களும் உண்டு, அப்போதும் போகாது, எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாகக் காத்து நிற்கும், கூப்பிட்டவர்களிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டு எத்தனை நேரம்தான் சாப்பிட முடியும்? கீரி முகத்தில் விழித்தால் நல்லது என்று பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளும் பெண் பார்க்கப் போகிறவர்களும் வேண்டுமென்றே அந்தச் சொல்லைச் சொல்லி, அது வந்ததும் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "உன்னை இல்ல, போ" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அந்தக் கோடையில் கீரி ஓடிய ஓட்டத்தில் அதன் மஞ்சள் நிறமே கொஞ்சம் வெளுத்துப்போனது.

கடைசியில் ஊர் அந்தச் சொல்லையே விட்டுவிட்டது. பஞ்சாயத்தில் கூட்டம் போட்டு வேறு சொல் தேடினார்கள்: 'ஆச்சு' என்று சொல்லலாம் என்றார் ஒருவர், சாவு வீட்டில் சொல்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள், 'நிறைஞ்சது' என்று சொல்லலாம் என்றார் இன்னொருவர், சொல்லி முடிப்பதற்குள் இலையில் இரண்டு கரண்டி விழுந்துவிடுகிறது, இளவட்டங்கள் 'ஸ்டாப்' என்றார்கள், அதைக் கேட்டு மினிபஸ் நின்றுவிடுகிறது. ஒன்றும் ஒட்டவில்லை. ஆகவே சலூனில் முடிவெட்டப் போனவர்கள் மொட்டையாகத் திரும்பினார்கள், பூ வாங்கப் போனவர்கள் வேண்டியதற்குமேல் நாலு முழம் வாங்கினார்கள், டீக்கடையில் சர்க்கரை அளவில்லாமல் விழுந்தது, கல்யாண வீட்டில் சம்பந்திகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். சண்டைதான் பெரிய தொல்லை. எங்கள் ஊரில் எந்தச் சண்டையும் கடைசியில் ஒரு பெரிய மனுஷி நடுவில் வந்து "போதும்டா, போங்கடா" என்று சொல்லித்தான் முடியும், இப்போது சொல்ல ஆள் இல்லாததால் வரப்புத் தகராறும் வாய்த்தகராறும் ஆரம்பித்தது ஆரம்பித்தபடி ஆடிவரை நடந்தன. அளவு சொல்லத் தெரியாத ஊர் ஆகிவிட்டோம் நாங்கள்.

இதில் நடுவில் மாட்டிக்கொண்டது போதும்பொண்ணுதான். தெருவில் யாராவது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளும் வருவாள், கீரியும் வரும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள், கீரி என்னையா கூப்பிட்டீங்க என்று கேட்கும், அதே கேள்வியைக் கேட்கத் திறந்த வாயை அவள் மூடிக்கொள்வாள், கூப்பிட்டவர்கள் குனிந்து கீரியின் கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்ச ஆரம்பித்துவிடுவார்கள். மில்லில் கூப்பிட்டாலும் இதே கதைதான், மிளகாய் மூட்டையை வைத்துக்கொண்டு அவள் நின்றுகொண்டே இருப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக மனிதர்கள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டு, 'ஏங்க', 'மில்லுக்காரம்மா', 'இந்தா' என்றார்கள். பிடிக்காத பெயர்தான், ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு மேல் சுமந்த பெயர், அதையும் ஒரு பொம்மை வந்து வாங்கிக்கொண்டுபோனதில் அவளுக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

அந்த எரிச்சலில் எண்ணெய் ஊற்றியது லோக்கல் கேபிள் டிவி. காமிராவோடு ஒரு பையன் வந்தான், மில்லுக்குப் போகவில்லை, நேரே வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த ஒச்சப்பனிடம் போனான். "படம் வர்றதுக்கு எவ்வளவோ வருசத்துக்கு முன்னாடியே இவ்வளவு அருமையான பேரை எப்படிய்யா வச்சீங்க?" என்று கேட்டான். ஒச்சப்பன் எழுந்து உட்கார்ந்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், காமிராவைப் பார்த்தார், அவர் முகம் அந்த ஆமையின் முகமாகவே மாறிவிட்டது. "பொம்பளப் பிள்ள லட்சுமி தம்பி. நாலாவதா இவ பொறந்ததும் எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு, ஆத்தா, எனக்கு இது போதும்னு சாமியக் கும்பிட்டு வச்சேன்" என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் கீரி வந்து நின்றது, அதையும் சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டு போனான். அன்று சாயங்காலமே ஊர் முழுக்கப் பார்த்தது. என்ன மனுஷன், என்ன மனுஷன் என்று சொல்லாத வாய் இல்லை, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அவள் மில்லை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தாள், முந்தானையில் மாவோடு.

"அய்யா, டிவியில என்ன சொன்னீங்க?"

"ஏன், நல்லாத்தான சொன்னேன்."

"மனசு நிறைஞ்சா இந்தப் பேரு வச்சீங்க?"

"ஊரே சந்தோசப்படுது. உனக்கு மட்டும் எங்க குத்துது?"

"எப்பவும் குத்துற எடத்துலதான் குத்துது."

ஒச்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அட, அப்ப ஒண்ணு நெனச்சு வச்சோம், இப்ப அதுக்கு ஒரு நல்ல அர்த்தம் வந்துருக்கு. வந்தத வாங்கி வச்சுக்கிற வேண்டியதுதான? சண்டைக்கு நிக்கிறா பாரு."

"அந்த ஆமை சொன்ன அர்த்தம் எனக்கு வேணாம். நீங்க நெனச்ச அர்த்தத்த உங்க வாயால ஒரே ஒருக்கா சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல. நான் பொறந்தன்னைக்கு எதுக்குப் போதும்னீங்க?"

கேட்டிருக்கக் கூடாது. கீரி சமையலறையிலிருந்து ஓடிவந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, என்னையா கூப்பிட்டீங்க என்று கேட்டது. அவள் அதைப் பார்த்து, "உன்னை இல்ல, போ சனியனே" என்று கத்தினாள், அது போகாமல் அவள் முகத்தையே பார்த்தது, அந்தச் சாக்கில் ஒச்சப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடையைக் கட்டிவிட்டார். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான், அந்த மனிதர் கண்ணை மூடுவதற்குள் அவர் வாயிலிருந்து ஓர் உண்மை, எவ்வளவு கசப்பாக இருந்தாலும் சரி. அதைக் கேட்கவிடாமல் ஊரே நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டு நிறைவு நிறைவு என்று கும்மியடித்தது.

படத்தைத் தூக்குவதற்கு முன்னால் வேலன் தியேட்டரில் ஒரு விழா வைத்தார்கள், ஒச்சப்பனுக்கு 'தந்தையர் திலகம்' என்று பட்டம். காலைக் காட்சியை நிறுத்திவிட்டு நடத்தினார்கள், வெள்ளித்திரைக்கு முன்னால் மேஜை, மேஜைமேல் மாலை, சால்வை, கீரி படம் போட்ட கேடயம். போதும்பொண்ணையும் மேடையில் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அவள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள், மேடையில் வைத்தாவது, இத்தனை பேர் முன்னாலாவது அந்த மனிதருக்கு நாக்கு கூசாதா என்று ஒரு நப்பாசையில் வந்தாள்.

கூசவில்லை. ஒச்சப்பன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வேறு யாரும் சொல்லத் துணியாத அந்தச் சொல்லை வரிக்கு ஒருமுறை சொன்னார். சொல்லும்போதெல்லாம், பக்கத்திலேயே நின்ற கீரி அப்போதுதான் வந்த மாதிரி தலையைச் சாய்த்து, என்னையா கூப்பிட்டீங்க என்று கேட்டது. கேட்கும்போதெல்லாம் அவர் குனிந்து, "ஆமா கண்ணு, உன்னைத்தான்" என்று அதன் தலையைத் தடவினார், நாங்கள் விசிலடித்தோம். போதும்பொண்ணு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை தன் தலையில் எப்போதாவது பட்டிருக்கிறதா என்று அவள் யோசித்துப் பார்ப்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது, ஆனாலும் விசிலடித்தோம்.

அப்புறம் தியேட்டர் மேனேஜர், "அடுத்து போதும்பொண்ணு அவர்கள் ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றார். அவள் எழுந்தாள். கீரியும் கிளம்பியது. அவளைவிட வேகமாக மைக்குக்குப் போய்விட்டது. யாரோ ஓடிவந்து மைக் கம்பியைத் திருகி அதன் உயரத்துக்கு இறக்கினார்கள். அதற்குப் பின்னால் அவள் நின்றாள், ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. கீரி மைக்கில், "என்னையா கூப்பிட்டீங்க?" என்றது. கூரை பிய்ந்தது. பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினார்கள். அவள் படியிறங்கி, பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு, வெயிலில் வீட்டுக்கு நடந்தாள்.

மத்தியானம் ஒச்சப்பன் சால்வையோடு வந்தார், கேடயத்தை அரிசி டின்மேல் வைத்தார், பசிக்கிறது என்று தரையில் உட்கார்ந்தார். அவள் வட்டிலை வைத்தாள், பானையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு சோறு போட்டாள். இதற்கப்புறம் நடந்ததைச் சொல்வது சீனியம்மா, அரைக்கக் கொடுத்த மல்லியை வாங்க வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

ஒரு கரண்டி போட்டாள், இரண்டாவது போட்டாள். ஒச்சப்பன் ஊர் வழக்கப்படி வாய் திறக்காமல் வட்டிலுக்குக் குறுக்கே கையை நீட்டினார். அவள் கையின்மேல் போட்டாள். ஆறின சோறுதான், சுடவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் இன்னொரு கரண்டி போட்டாள், கை மறைந்தது. இன்னொன்று போட்டாள், மணிக்கட்டு மறைந்தது. சோறு வட்டில் விளிம்பைத் தாண்டித் தரையில் சரிந்தது, புதுச் சால்வையின் ஓரத்தில் விழுந்தது.

"என்னத்தா பண்ற?"

"வாயத் தொறந்து சொல்லுங்க. சொன்னா நிறுத்துறேன்."

"சோத்தக் கொட்டாத, பாவம்."

"மேடையில அத்தன தடவ சொன்னீங்கல்ல. இங்கயும் சொல்லுங்க."

கரண்டி பானைக்கும் வட்டிலுக்குமாகப் போய்வந்துகொண்டே இருந்தது. அவர் மடியிலும் சோறு, முழங்காலிலும் சோறு, அந்தச் சோற்றுக்கு நடுவில் எண்பது வயசுக் கிழவர் கையைப் புதைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார்.

"போதும்" என்றார்.

கீரி வந்தது. தியேட்டரிலிருந்து அந்த வெயிலில் ஓடிவந்திருக்க வேண்டும், நெற்றி நிறம் வழிந்து கண்ணோரம் இறங்கியிருந்தது. சிந்திக் கிடந்த சோற்றை மிதிக்காமல் ஒதுங்கி நின்று, தலையைச் சாய்த்து, "என்னையா கூப்பிட்டீங்க?" என்று கேட்டது.

இங்கே விசிலடிக்க யாரும் இல்லை. ஒச்சப்பன் அதைப் பார்த்தார், அலுப்போடு, "உன்னை இல்ல" என்றார்.

"அப்ப என்னையா?" என்று கேட்டாள் போதும்பொண்ணு.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள். கீரியும் பார்த்தது, அவளும் பார்த்தாள், வாசலில் சீனியம்மாவும் பார்த்தாள், எத்தனை பேரைத்தான் அந்த மனிதர் ஏமாற்ற முடியும்?

"உன்னையும் இல்ல" என்றார் ஒச்சப்பன். குரல் கட்டிலுக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வந்தது. "அன்னைக்கும் உன்னைச் சொல்லல. மேல பாத்து அவன்கிட்டச் சொன்னேன், இனிமே அனுப்பாத, போதும்னு. உன்னைப் பாக்கவே இல்லத்தா. ஒரு வாரம் பாக்கல. உங்காத்தா அழுதா, அப்பவும் பாக்கல. வேற பேரு யோசிக்கவும் இல்ல. வாயில வந்தது அதுதான், அப்படியே விட்டுட்டேன்."

தான் வாயைப் பொத்திக்கொண்டதாகச் சீனியம்மா சொல்கிறாள். அந்த வார்த்தையைக் கேட்டு மதினி இடிந்துபோய் அழுவாள் என்று நினைத்தாளாம். அவள் அழவில்லை. முதுகில் ஏற்றிவைத்த மூட்டையை யாரோ இறக்கிவைத்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான். அப்புறம் கீரியின் பக்கம் திரும்பி, முதல்முறையாக அதன் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள். அதற்கும் யாரோ கேட்காமல் கொள்ளாமல் வைத்த பெயர்தானே, கூப்பிடாத இடத்துக்கெல்லாம் அதுவும்தானே ஓடி ஓடி வெளுத்துப்போனது.

"வா" என்றாள். "நம்ம ரெண்டு பேரையும் யாரும் கூப்பிடல. உக்காரு, சாப்பிடுவோம்."

இரண்டு தட்டு எடுத்து வைத்தாள், ஒன்று தனக்கு, ஒன்று அதற்கு. கரண்டியை எடுத்து, காம்புப் பக்கம் நீட்டி, அப்பா கையில் கொடுத்தாள். "வைங்க" என்றாள். ஒச்சப்பன் சோற்றுக்குள்ளிருந்து கையை உருவி, சால்வையில் துடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தார். பிறந்ததிலிருந்து யாருக்கும் பரிமாறாத மனிதர், கரண்டியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்து, அவளுக்கு ஒரு கரண்டி வைத்தார், கீரிக்கு ஒரு கரண்டி வைத்தார். கீரி ஒன்றும் கேட்கவில்லை, குனிந்து சாப்பிட ஆரம்பித்தது.

"குழம்பு" என்றாள். ஊற்றினார். "இன்னும் சோறு" என்றாள். வைத்தார். வைத்துவிட்டு, கரண்டியைப் பிடித்தபடி, எந்த நிமிஷமும் அந்தச் சொல் வந்துவிடும் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.